பாவித்த மெசின்

லைனிங் போட்டு ஒரு சாறி பிளவுஸ் தைக்க எங்கள் கம்பஸ் பக்கத்தில் 2024இல் 1,500 ரூபா கேட்டார்கள். கழுத்தில் கொஞ்சம் வேலைப்பாடு என்றால் 2,000ஐத் தாண்டியது. றெடிமேட்டாக வாங்கின சுடிதாரைப் பக்கத்தில் பிடித்துத் தர 200, சாறிக்கு ஓரம் அடிக்க 300. திருநெல்வேலியில் ஒரே அறையில் இருக்கும் நாங்கள் நாலு பேரும், விழாக்கள் நெருக்கமாக வந்த ஒரு மாதத்தில், தையலுக்குக் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்தோம். 7,300 ரூபா. எங்களில் மூன்று பேருக்கு அப்போது வந்த மகாபொல ஆளுக்கு 5,000. அன்றைக்கு இரவுதான் மெசின் வாங்குகிற கதை தொடங்கியது. இது 2024 செப்ரெம்பரில்.

எங்களில் ஒருத்தி முல்லைத்தீவு, ஒருத்தி மன்னார், ஒருத்தி ஹற்றன், ஒருத்தி வடமராட்சி. பேர்களை எழுத வேண்டாம் என்று முடிவெடுத்ததால் ஊர்ப்பேரிலேயே எழுதுகிறோம். கோபம் வந்தால் அறைக்குள் கூப்பிடுவதும் அப்படித்தான். முல்லைத்தீவுக்குத் தைக்கத் தெரியும், தாய் பழக்கினது. ஹற்றனுக்கு மெசினைப் பற்றித் தெரியும், அவளின் அக்கா கட்டுநாயக்கவில் ஆறு வருடம் வேலை செய்தவர். மற்ற இரண்டு பேருக்கும் பட்டன் தைக்கத் தெரியும். ஆளுக்கு 5,000 போட்டு 20,000 சேர்த்தோம். மகாபொல கிடைக்காத மன்னார் தன் பங்கை அண்ணனிடம் வாங்கினாள்.

கரண்டில் ஓடுகிற சின்ன மெசின் ஒன்றை எடுப்போம், இடமும் மிச்சம் என்பது மன்னாரின் யோசனை. ஆனால் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்டை வெட்டினது எங்களுக்கு மறக்கவில்லை. ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருந்த நேரம், விசிறி மட்டையோடு முற்றத்தில் படுத்த காலம் அது. வடமராட்சியின் அம்மம்மா போனில் இன்னும் பின்னுக்குப் போனா. 1990இலிருந்து வருடக்கணக்காக யாழ்ப்பாணத்தில் கரண்டே இருக்கவில்லை, அப்பவும் தன் கால் மெசின் ஓடினது என்றா. கால் மெசின்தான் என்று முடிவாயிற்று. புதிது வாங்குகிற காசு எங்களிடம் இல்லை. ஆகவே பாவித்தது.

முதலில் போனது யாழ் நகரில் மெசின் திருத்துகிற ஐயா ஒருவரிடம். நாங்கள் வாங்க வரவில்லை, விசாரிக்க வந்திருக்கிறோம் என்பது அவருக்கு எங்களைக் கண்டவுடனேயே விளங்கியிருக்க வேண்டும். இருந்தாலும் ஒன்றரை மணித்தியாலம் பாடம் எடுத்தார். கம்பஸில் நாங்கள் இவ்வளவு குறிப்பு எடுத்ததில்லை.

"மெசினைக் காட்டினவுடன தைச்சுப் பாக்க இருக்காதேங்கோ. முதல் பெல்ற்றைக் கழட்டிப்போட்டு சில்லைக் கையால உருட்டுங்கோ" என்றார். ஒரு சுற்று முழுக்க ஒரே மாதிரி இலகுவாகச் சுற்ற வேண்டும். ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் இறுகினால், உள்ளே அச்சிலோ பொபின் பக்கத்திலோ பழுது இருக்கிறது. பிறகு ஊசி பூட்டுகிற தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் தேய்ந்துவிட்டது. துணியைத் தள்ளுகிற பல்லை விரலால் தடவ வேண்டும், கூராகக் குத்த வேண்டும். கடைசியாகத்தான் தைப்பது. அதுவும் அவர்கள் எடுத்துத் தருகிற துணியில் இல்லை. மெல்லிய வாயில் துண்டு ஒன்றும், நாலாக மடித்த ஜீன்ஸ் துண்டு ஒன்றும் நாங்களே கொண்டுபோக வேண்டும். தைத்த பிறகு மேல்பக்கத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. துணியைத் திருப்பினால் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால், மேல்நூலுக்கு இறுக்கம் போதவில்லை. அது பெரும்பாலும் ரென்சன் தட்டுக்குள் தூசி அடைந்ததாலோ ஸ்பிறிங் தளர்ந்ததாலோ வருவது, அதற்குப் பயப்படத் தேவையில்லை, ஆனால் விலையைக் குறைக்கலாம்.

எண்ணெய் விடுகிற துளைகளையும் பார்க்கச் சொன்னார். மண்ணிறத்தில் பிசின் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். வடமராட்சி சிரித்துவிட்டாள். அவளின் அம்மம்மா தலைக்கும் மெசினுக்கும் ஒரே போத்தலைத்தான் பாவிக்கிறவ. ஐயா சிரிக்கவில்லை. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, மெசின் எண்ணெய் போட்டு, இரண்டு நாள் விட்டால் பழைய நிலைக்கு வரும் என்று மருந்து எழுதுகிற மாதிரிச் சொன்னார்.

அவரிடம் ஒரு கறுப்புச் சிங்கர் இருந்தது. பொன்னிறப் பூவேலையில் பாதி, துணி உரசி உரசி அழிந்துபோயிருந்தது. விலை 35,000. "உது ஸ்கொட்லாந்துச் சாமான். 15K எண்டு கிடக்குது பாருங்கோ" என்றார். அறைக்கு வந்து தேடி வாசித்தோம். K என்பது கில்போவி. ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் நகரத்தில் சிங்கரின் பெரிய தொழிற்சாலை அங்குதான் இருந்தது. 1980இல் அதை மூடிவிட்டார்கள். அந்த இடத்து ரயில் நிலையத்துக்கு இப்போதும் சிங்கர் என்றுதான் பெயர். இந்த 15ஆம் வகை மெசினை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பான்காரர் அப்படியே பார்த்துச் செய்தார்கள். இந்தியாவின் உஷா, சீனாவின் பட்டர்ஃபிளை என்று எங்கள் வீடுகளில் இருக்கிற பலதும் இதே வார்ப்புத்தான். ஐயா ஒரு உஷா பொபினை எடுத்துச் சிங்கருக்குள் போட்டுக் காட்டினார், பொருந்தியது. ஆகவே பேரைப் பார்த்துப் பயப்படாமல் எதையும் வாங்கலாம், சாமான் கிடைக்கும் என்பது அவர் சொன்ன கடைசிப் புத்தி. 35,000க்கு எங்களிடம் காசு இல்லை என்பதை நாங்கள் சொல்ல அவர் விடவில்லை.

பிறகு ஒரு கிழமை முகநூலில் விளம்பரம் பார்த்தோம். "பாவித்தது, நல்ல கொண்டிசன்." "கொஞ்சக் காலமே பாவித்தது." "அவசரம்." இந்தக் கடைசிச் சொல் வருகிற விளம்பரங்களில் விலை எப்போதும் இரண்டு மூவாயிரம் குறைவாக இருப்பதை ஹற்றன்தான் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு நாங்கள் "அவசரம்" என்று போட்டுத் தேடத் தொடங்கினோம். எழுதும்போது ஒரு மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் மலிவாக வாங்க நினைக்கிற எல்லாரும் செய்கிற வேலை அது.

கோண்டாவிலில் ஒரு வீட்டுக்குப் போனோம். பிள்ளைகள் எல்லாம் கனடாவில், வீட்டைப் பூட்டப் போகிறார்கள். மெசின் நல்லது. ஆனால் எங்களுக்கு முதல் நாள் வந்த ஒருவர் 25,000க்கு முற்பணம் கொடுத்துவிட்டார். அவருக்கு மெசின் தேவையில்லையாம், இரும்புக் கால் மட்டும் வேண்டுமாம். மேலே கண்ணாடி போட்டால் ரெஸ்ரோரண்டுக்கு வடிவான மேசை. தலையைத் தனியாகத் தரட்டோ என்று அந்த வீட்டுக்காரர் எங்களைக் கேட்டார். கால் இல்லாத தலையை வைத்து நாங்கள் என்ன செய்வது?

இதைக் கேட்டு முல்லைத்தீவு பஸ்ஸில் சொன்ன கதை வேறு. தங்கள் பக்கம் தலை ஒரு மெசினுடையது, கால் இன்னொன்றுடையது என்பது சாதாரணம் என்றாள். இடம்பெயரும்போது ஆணியைக் கழற்றித் தலையை மட்டும் சாக்கில் சுற்றிக்கொண்டு போவார்கள். போய்ச் சேர்கிற இடத்தில் கால் தேட வேண்டும். அவளின் அம்மா 2009இல் தலையையும் தூக்க முடியாத ஒரு கட்டத்தில் எங்கோ விட்டுவிட்டு வந்தவ. எங்கே என்று அவ சொல்வதில்லை, இவளும் கேட்டதில்லை. அப்போது இவளுக்கு ஏழு வயது.

மூன்றாவதாகப் போனது பரந்தனுக்கு உள்ளே. விளம்பரம் போட்டது ஒரு அக்காவின் மகள். பட்டர்ஃபிளை கால் மெசின், 18,000, அவசரம்.

சந்தியில் இறங்கி ஓட்டோ பிடித்துப் போனோம். கல்வீடு, பூசாத சுவர். மெசின் விறாந்தையில் பழைய சாறித் துணியால் மூடியபடி நின்றது. துணியை எடுத்தபோது மேசைப் பலகையில் ஒரு ஸ்ரிக்கர். யாரோ நகத்தால் சுரண்டிப் பாதியை எடுத்திருந்தார்கள். மிச்சமிருந்ததில் "வாழ்வாதார" வரை வாசிக்கக்கூடியதாக இருந்தது.

இந்தச் சொல் எங்களுக்குப் பாடப்புத்தகச் சொல் மாதிரிப் பழக்கம். போருக்குப் பிறகு வன்னியில் மீள்குடியேறின பெண்களுக்கு, அதிலும் கணவனை இழந்தவர்களுக்கு, கோழி, ஆடு, தையல் மெசின் என்று மாறி மாறிக் கொடுத்தார்கள். ஒப்படைக்கிற படத்தில் மெசின் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம், நடுவில் நாலைந்து பேர். இந்த அக்காவுக்கு 2012இல் கிடைத்தது. மூன்று மாதப் பயிற்சியும், லமினேற் பண்ணின சான்றிதழும். நல்லாத் தைப்பா என்பது அவவின் சட்டையிலேயே தெரிந்தது.

"மெசின் தந்தவை. நல்ல மெசின்தான், குறை சொல்லக் கூடாது" என்று தொடங்கினா. "ஆனா பிள்ளையள், இந்த ஒழுங்கையில மட்டும் ஒன்பது மெசின். எல்லாருக்கும் ஒரே பயிற்சி. தைக்கக் குடுக்கிற ஆக்கள் ஆர்? நாங்கள் ஒன்பது பேரும் ஆளுக்காள் தைச்சுக் குடுத்துக் கொண்டிருக்கிறதோ?"

வேலை வருகிற காலம் ஒன்று உண்டு. மார்கழியிலும் தையிலும் பள்ளிக்கூட யூனிபோம். துணியை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது, தைப்புக்கூலி தாய்தகப்பனுடையது. அந்த இரண்டு மாதமும் அக்கா விடிய நாலு மணிக்கு மெசினில் இருப்பாவாம். மற்ற மாதங்களில் சாறிக்கு ஓரம், கிழிசல், தலையணை உறை. ஆகவே தானே துணி எடுத்து, சட்டையாகத் தைத்து விற்கலாம் என்று யோசித்திருக்கிறா. மெசின் சும்மா கிடைத்தது. ஆனால் துணியும் நூலும் லைனிங்கும் சும்மா கிடைக்காது. அதற்காகத்தான் குழுக்கடன் எடுத்தது. றெடிமேட் சட்டை சந்தையில் 900க்கு வரும்போது அவவின் சட்டை 1,200க்குப் போகவில்லை. முதல் கடனைக் கட்ட இன்னொன்று. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது எங்களுக்கும் தெரியும். அக்காவின் கதையில் அதுவும் வந்தது, ஒரு மூச்சில் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டா. இப்போதுள்ளது அதற்குப் பிறகு எடுத்த கடன்.

மகள் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறா. விடிய பஸ் வரும், இருண்டபின் கொண்டுவந்து விடும். வீட்டில் மெசினில் இருக்க ஆளில்லை, அக்காவுக்குக் கழுத்து நோ. ஹற்றன் மகளின் வேலையை விசாரித்தாள். சேட்டின் கைப்பட்டி மட்டும் தைக்கிறதாம். "எங்கக்கா ஆறு வருஷம் கொலர் மட்டுந்தான் தச்சா. இன்னைக்கும் ஒரு முழுச் சட்டை தைக்கத் தெரியாது" என்றாள் ஹற்றன். கட்டுநாயக்க வலயம் தொடங்கினது 1978இல். தலைமுறை ஒன்று கொலரிலும் கைப்பட்டியிலும் போய்விட்டது. ஒரு முழுச் சட்டையை வெட்டித் தைக்கத் தெரிந்த தாயின் மெசின் விற்பனைக்கு நிற்கிறது.

நாங்கள் ஐயா சொன்னபடி எல்லாம் பார்த்தோம். சில்லு சுற்றியது. ஊசித்தண்டு ஆடவில்லை. பல்லு பரவாயில்லை. தோல் பெல்ற் நைந்துபோயிருந்தது, பொபின் கேஸ் மாற்ற வேண்டும். ஜீன்ஸ் துண்டில் இரண்டு இடத்தில் தையல் தாண்டியது. ஐயாவுக்குப் போனில் சொன்னோம். 14,000, மிஞ்சினால் 15,000, அதற்கு மேல் கொடுக்காதேங்கோ என்றார். முதல் நாள் ஒரு யாவாரி வந்து 11,000க்குக் கேட்டுவிட்டுப் போனதை அக்காவே சொல்லியிருந்தா. திங்கட்கிழமை கடன் கட்ட வேண்டும். அன்றைக்குச் சனி.

"கொஞ்சம் கதைச்சுப்போட்டு வாறம் அக்கா" என்று ஒழுங்கைக்கு வந்தோம். கதைத்தது என்று சொல்ல முடியாது, சண்டைதான்.

மன்னார் 18,000ஐயும் கொடுப்போம் என்றாள். எங்களிடம் 20,000 இருக்கிறது, பெல்ற்றும் பொபின் கேஸும் பிறகு பார்க்கலாம், இந்த மனுசியிடம் பேரம் பேசுகிறது பாவம். ஹற்றனுக்கு அது பிடிக்கவில்லை. "பாவம் பாத்துக் காசு குடுத்தா அந்தக்காவுக்கே அது வெளங்கும்டி. அப்பறம் அது வியாபாரம் இல்ல" என்றாள். அவளின் கணக்கில் 14,500 நியாயமான விலை, யாவாரியை விட 3,500 கூட. வடமராட்சி வேறு ஒரு கேள்வி கேட்டாள். வாங்காமலே போனால் என்ன? மெசின் அவவிடமே இருக்கும். மெசின் இருக்கும், திங்கட்கிழமையும் இருக்கும் என்றாள் ஹற்றன்.

முல்லைத்தீவு கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னாள். அவளின் அம்மாவுக்கும் செட்டிகுளம் முகாமால் வந்த பிறகு ஒரு மெசின் கிடைத்தது, இதே பட்டர்ஃபிளை. 2017இல் 8,000 ரூபாவுக்கு விற்றது. வாங்கினவ தெரிந்த ஆள்தான். காசைக் கையில் வைக்கும்போது "உங்களுக்கு ஒரு உதவியாத்தான் வாங்கிறன்" என்றாவாம். "அம்மா இண்டைக்கும் 8,000 எண்ட கதை கதைக்கிறேல்ல. அந்தச் சொல்லைத்தான் சொல்லுறவ. எவ்வளவுக்கெண்டாலும் கேளுங்கோ, ஆனா அப்பிடி ஒண்டும் கதைச்சுப் போடாதேங்கோ" என்றாள்.

உள்ளே போய்ப் பேரம் பேசினோம். ஒழுங்காகப் பேசினோம். பெல்ற்றைக் காட்டினோம், தையல் தாண்டின இடத்தைக் காட்டினோம், 14,000 என்றோம். அக்காவுக்கு முகம் மாறினது, ஆனால் நாங்கள் பயந்த மாதிரி இல்லை. சந்தைக்காரி மாதிரி நிமிர்ந்தா. "ஊசி மொட்டையெண்டால் எந்த மெசினும் தாண்டும்" என்று சொல்லி, டப்பாவுக்குள் தேடிப் புது ஊசி பூட்டி, எங்கள் ஜீன்ஸ் துண்டையே வாங்கி மடித்து ஓடவிட்டா. தாண்டவில்லை. பிறகு ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து, பெண்பிள்ளைகளின் யூனிபோமுக்கு விடுகிற மடிப்பை ஊசிகூடக் குத்தாமல் விரலாலேயே பிடித்துப் பிடித்து ஒரே ஓட்டத்தில் தைத்துக் காட்டினா. அளந்து பார்க்கச் சொன்னா. ஒவ்வொரு மடிப்பும் சரி. "இப்ப சொல்லுங்கோ, 14,000 சாமானோ இது?"

16,500இல் முடிந்தது. பன்னிரண்டு பொபினும், காசிதாளில் வெட்டின பிளவுஸ் அளவுகள் மூன்றும் சேர்த்துத் தந்தா. கத்தரிக்கோலைத் தரவில்லை. காசை இரண்டு தரம் எண்ணினா.

மேசை லாச்சியை வெறுமையாக்கும்போது ஒரு அளவுக்கொப்பி வந்தது. சீ.ஆர். கொப்பி, மட்டை கிழிந்து துணியால் தைத்திருந்தது. 2012இலிருந்து அந்தப் பக்கத்து ஆக்களின் அளவுகள், பேர் போட்டு, திகதி போட்டு. ஒரே பிள்ளைக்கு ஒவ்வொரு மார்கழியும் ஒரு வரி, நெஞ்சளவும் உயரமும் கூடிக்கூடிப் போகின்றன. மன்னார் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதையும் தருவியளோ என்று கேட்டாள். அக்கா வாங்கி மடியில் வைத்துக்கொண்டா. "இது ஏன் உங்களுக்கு? இந்த ஆக்கள் உங்களிட்டை வரப்போறேல்லையே."

தலையைக் கழற்றுவது இலகு. பெல்ற்றை எடுத்து, பின்பக்கத்து இரண்டு ஆணியையும் தளர்த்தினால் கையோடு வரும். பத்துக் கிலோவுக்கு மேல் பாரம். தலையை மடியில் வைத்துக்கொண்டு முல்லைத்தீவு பஸ்ஸில் இருந்தாள், கால் பின்பெட்டிக்குள். கொண்டக்ரர் காலுக்கு ஒரு ரிக்கற் போட்டார். தலைக்குப் போடவில்லை, அது மடியில் இருந்ததாலாக இருக்கும்.

மெசின் வந்த பிறகு அதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினோம், கலைப்பீடக்காரரின் வியாதி. ஐசாக் சிங்கர் தன் மெசினுக்குக் காப்புரிமை எடுத்தது 1851இல். அந்தக் காலத்து வீடுகளுக்கு அது கையெட்டாத விலை. அவரின் பங்காளி எட்வர்ட் கிளார்க் 1856இல் ஒரு வழி கண்டுபிடித்தார்: மெசினை இப்போதே கொண்டுபோ, காசை மாதம் மாதம் கட்டு. உலகத்துக்குத் தவணைக்கட்டணத்தைப் பழக்கினதில் தையல் மெசினுக்குப் பெரிய பங்கு உண்டு. 1877இல் சிங்கர் இலங்கைக்கு வந்தது. அம்மம்மாக்களின் சீதனச் சாமானில் மெசின் ஏறினதும், மாதக்காசு கட்டின துண்டுகள் றங்குப்பெட்டிக்குள் இருந்ததும் அதற்குப் பிறகு நடந்தவை. கடனால் வீட்டுக்குள் வந்த சாமான். பரந்தனில் அது கடனால் வெளியே போகிறது. நடுவில் இலவசமாகவும் ஒருமுறை வந்து பார்த்தது, அப்போதும் கடன் துணிக்கடை வழியாக உள்ளே வந்துவிட்டது.

காந்தி இயந்திரங்களைப் பற்றிக் கடுமையாகப் பேசினவர், ஆனால் சிங்கரின் மெசினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பினால் செய்த மெசின் என்பது அவரின் எண்ணம். ஐசாக் சிங்கருக்குப் பல பெண்களிடம் இருபதுக்கு மேல் பிள்ளைகள். அன்பு கொஞ்சம் தாராளம்தான். இதை வாசித்த இரவு அறையில் நித்திரை இல்லை, சிரிப்புத்தான்.

எங்கள் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். பெல்ற், பொபின் கேஸ், எண்ணெய், நூல் எல்லாம் 2,900. மிஞ்சின 600க்கு இடியப்பமும் ரோல்ஸும் சாப்பிட்டோம். முதல் மூன்று கிழமை மன்னார் பழைய படுக்கை விரிப்பில் நேர்கோடு ஓடினாள். காலும் கையும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் போகும், சில்லு பின்னுக்குச் சுற்றி நூல் அறும். கார்த்திகைக்குள் எங்கள் பிளவுஸுகளை நாங்களே தைத்தோம். பக்கத்து அறைகளிலிருந்து பக்கம் பிடிக்க, சிப் மாற்ற என்று வரத் தொடங்கினார்கள், 100 ரூபா. பிளவுஸ் முல்லைத்தீவு மட்டும்தான் வெட்டுவாள், 900. வீட்டுக்கார அன்ரி இரவு ஒன்பதுக்குப் பிறகு ஓடக் கூடாது என்று சொல்லியிருக்கிறா, கீழே சத்தம் கேட்கிறதாம். மூன்று மாதத்தில் மெசின் தன் விலையில் பாதிக்குக் கிட்ட உழைத்திருந்தது.

மார்கழி நடுவில் அக்கா போன் எடுத்தா. மெசின் எப்படி ஓடுது என்று கேட்டா, எண்ணெய் விடுகிறியளோ என்று கேட்டா. பிறகு விசயத்துக்கு வந்தா. யூனிபோம் பதினாலு வந்திருக்கிறது, பழைய ஆக்கள், மெசின் விற்றதை அவர்களுக்குச் சொல்லவில்லை. ஒழுங்கைக்குள் மற்ற ஆக்களிடம் தைக்கக் கொடுத்தால் அடுத்த வருடம் அவர்களிடமே நேரே போய்விடுவார்கள். ஆகவே தான் வெட்டி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், நீங்கள் தைத்து அனுப்புங்கோ.

பாதிப் பாதி என்று சொன்னோம். "வெட்டுறதுதான் பிள்ளையள் வேலை. ஓடுறது மெசின்தானே, அதுவும் என்ரை மெசின்" என்றா. அறுபது தனக்கு, நாற்பது எங்களுக்கு. ஹற்றன் போனை வாங்கி, நூலும் சிப்பும் யாருடைய செலவு என்று தொடங்கினாள். இருபது நிமிடம் போனது. நூல் எங்களுடையது, சிப் அவவுடையது, ஐம்பத்தைந்து நாற்பத்தைந்து.

பார்சல் வியாழக்கிழமை பின்னேர பஸ்ஸில் வந்தது. ஒவ்வொரு பிள்ளையின் துணியும் தனித்தனியாகச் சுருட்டி, ஓரத் துண்டால் கட்டியிருந்தது. ஒவ்வொரு சுருளுக்குள்ளும் ஒரு கடதாசித் துண்டு, அதில் பேரும் அளவும். கொப்பியிலிருந்து கிழித்ததல்ல, பார்த்து எழுதினது.